இமயம் அனுப்பும் விருந்தினர்

தில்லி மாநகருக்கு இமயமலை ஆண்டுதோறும் சிறிய விருந்தினர் இருவரை அனுப்பிவைக்கிறது. ஒருவர் பறந்து வருகிறார். மற்றவர் மூட்டையில் கட்டப்பட்டு வருகிறார்.

பறந்து வருவது சாம்பல்தலை ஈப்பிடிப்பான் என்னும் பாடும் பறவை. இதன் தலையும் மார்பும் சாம்பல் நிறம், வயிறு மஞ்சள். நீளம் ஏறத்தாழ 12 செ.மீ. கோடையில் இமயமலைக் காடுகளில் பாசியால் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். குளிர் மிகுந்து பூச்சிகள் குறையும்போது சமவெளிக்கு இறங்கிவிடும். அப்போது தில்லியின் மரமடர்ந்த பூங்காக்களிலும் இதன் இனிய சீழ்க்கையொலியைக் கேட்கலாம். இளவேனில் வந்ததும் மலைக்கே மீளும்.

மூட்டையில் வருவது ஒரு காட்டுக் காளான். தமிழில் 'குச்சி' என்றால் சிறு கம்பு. இந்தியில் ஏறத்தாழ அதே ஒலியுடைய சொல் இக்காளானின் பெயர். காஷ்மீர், இமாசலப் பிரதேசம், உத்தராகண்ட் ஆகிய பகுதிகளின் காடுகளில் பனி உருகும் காலத்தில் இது முளைக்கிறது. தலைப்பகுதி தேனடை போலக் குழிகள் நிறைந்தது. மலைவாழ் மக்கள் இதனைத் தேடிப் பறித்து, நூலில் கோத்து உலர்த்துவர். உலர்ந்தபின் எடை ஏறத்தாழ பத்தில் ஒரு பங்காகிவிடும். பழைய தில்லியின் காரி பாவ்லி அங்காடியில் ஒரு கிலோ பல ஆயிரம் ரூபாய்க்கு விலைபோகும்.

பறவை ஊர் திரும்புகிறது, காளான் திரும்புவதில்லை. ஆயினும் காளான் தன் மண்ணை முற்றும் பிரிந்துவிடவில்லை. நம் கைக்கு வருவது மரத்தின் கனி போன்றதே. அதன் உடல் மெல்லிய இழைகளாக மலைமண்ணுக்குள் பரவிக் கிடக்கிறது. மண்ணைக் கிளறாமல் தண்டை மட்டும் அறுத்தெடுத்தால், அவ்விழைகள் மீண்டும் முளைவிடக்கூடும்.

ஈப்பிடிப்பானின் வாழ்வோ இரண்டு இடங்களைச் சார்ந்தது. மலைக்காடு அழிந்தால் அதற்குக் கூடு இல்லை. தில்லியின் மரங்கள் அழிந்தால் குளிர்கால உணவு இல்லை. இரண்டும் அதற்கு ஊரே.

இதே இனப் பறவை நீலகிரிச் சோலைகளிலும் வாழ்கிறது. குளிர்காலத்தில் தில்லிப் பூங்காவில் இச்சீழ்க்கையைக் கேட்டுப் பழகிய பிள்ளைகள், கோடை விடுமுறையில் உதகைக்குச் சென்றால் அங்கும் அதனை இனங்கண்டுகொள்வார்கள்.

சிந்தனை வினா: ஓர் ஊரைச் சார்ந்து வாழ்வது, இரண்டு ஊர்களைச் சார்ந்து வாழ்வது – இவற்றுள் எது கடினம்? ஏன்?