ஜவ்வு கிழிந்த பின்

செப்டம்பர் 21
நேற்று மாலை எதிரணியின் எல்லைக்குள் பாடிப் போய், வலது மூலையில் நின்றவளைத் தொட்டுவிட்டுத் திரும்பும் வேகத்தில், எவருடைய கையும் என்மேல் படாதிருக்கையிலேயே, இடது முழங்காலுக்குள் ஏதோவொன்று பட்டென்று அறுபட்டதைக் கேட்டேன். வலி பிறகுதான் வந்தது.

செப்டம்பர் 24
ஸ்கேன் வந்துவிட்டது. முன்ஜவ்வு முழுவதும் கிழிந்திருக்கிறது.

செப்டம்பர் 29
எனக்குத் தைரியமூட்ட வருகிறவர்களெல்லாம் அனில் கும்ப்ளேயைத்தான் சொல்கிறார்கள். 2002 மே மாதம் ஆன்டிகுவாவில், மெர்வின் தில்லனின் பந்து தாடையை உடைத்த பின்னும், தலையைச் சுற்றிய கட்டோடு களமிறங்கி, 14 ஓவர் வீசி, லாராவையும் வீழ்த்திய அந்த வைராக்கியத்தை நானும் நமஸ்கரிக்கிறேன். அதன்பின் அவர் அறுவைச் சிகிச்சைக்காகப் பெங்களூர் திரும்பியதை மட்டும் ஒருவரும் சொல்லக் காணோம். எங்கள் கபடியிலோ, வலியை வெளியே சொன்னவளின் இடம் மறுநாளே வேறொருத்திக்குப் போய்விடும். ஓராண்டு மாநில அணியில் பெயர் விடுபட்டால், அரசுப் பணியில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டுக்குக் காட்ட வேண்டிய சான்றிதழும் விடுபட்டுப்போகிறது. வயதோ யாருக்காகவும் காத்திருப்பதில்லை. ஆகையால் ஐஸ் ஒத்தடம் கொடுத்து, பட்டை கட்டி, மாத்திரை விழுங்கி ஆடுகிறோம்.

அக்டோபர் 8
நாளை அறுவை. பின்தொடைத் தசைநாரை எடுத்து ஜவ்வாகப் பொருத்துவார்களாம். அம்மா சமயபுரத்தாளுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாள்.

நவம்பர் 17
பிசியோதெரபி அறையில், ஒரு காலத்தில் கணுக்கால் பிடிக்குப் பேர்போன ஓர் அக்காவைச் சந்தித்தேன். நாற்பதுதான் இருக்கும்; படியிறங்கும்போது கைப்பிடியைப் பற்றி, ஒரு காலை வைத்து, மற்றதை அதனருகே கொண்டுவந்து சேர்த்த பிறகே அடுத்த படிக்குப் போகிறார். "ஊசி போட்டுக்கிட்டா வலியே தெரியாதும்மா. அந்த மூணு வருஷமும் நல்லாத்தான் ஆடினேன்" என்றார். குரலில் வருத்தமில்லை, பெருமிதமே இருந்தது.

டிசம்பர் 2
காலை முழுதாக நீட்ட முடிந்தது! பரமானந்தம்.

டிசம்பர் 3
மறுபடி வீக்கம். எவரோடும் பேசவில்லை.

டிசம்பர் 28
வலி அறவே நின்றுவிட்டதென்று சந்தோஷமாகச் சொன்னேன். "இப்பத்தான் ஜாக்கிரதையா இருக்கணும்" என்றார் பிசியோதெரபிஸ்ட். பொருத்திய நார் சரீரத்தோடு ஒன்றி ஜவ்வாக மாறப் பல மாதங்கள் பிடிக்குமாம்; ஆரம்ப மாதங்களில் அது, பொருத்திய தினத்தில் இருந்ததைக் காட்டிலும் பலவீனப்பட்டிருக்குமாம்; ஒன்பது மாதத்துக்கு முன் களம் திரும்புவோருக்கு மீண்டும் கிழியும் அபாயம் மிகுதியாம். வலியைச் சத்துருவாகப் பாவித்தே வளர்ந்தவளிடம், வலியின்மையை நம்பாதே என்கிறார்கள். 2022இல் பாத நரம்பை மரக்கச் செய்யும் ஊசிகளோடு பிரெஞ்சு ஓபனை வென்ற ரஃபேல் நடால், இனி அவ்விதம் ஆட விருப்பமில்லை என்று அறிவித்தது ஞாபகம் வந்தது. 2023 ஆகஸ்டில் முழங்கால் அறுவைக்காக ஆசியப் போட்டியையே துறந்த மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட், மறு ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் இறுதிச் சுற்று வரை முன்னேறியதையும் நினைத்துக்கொண்டேன்.

ஜனவரி 9
அணித்தலைவி போன் செய்தாள். பொங்கல் போட்டிக்குத் தேர்வாளர்கள் வருகிறார்களாம். "ரெண்டு ரைடு மட்டும் போயிட்டு வந்துருடி, போதும்."

ஜனவரி 11
மைதானத்துக்குப் போனேன். பதினாறு வயதுப் பெண்ணொருத்தி, யாரும் பார்க்கவில்லையென்று நிச்சயப்படுத்திக்கொண்டு, வீங்கிய கணுக்காலில் துணியை இறுக்கிக்கொண்டிருந்தாள். "ஒண்ணுமில்லக்கா" என்றாள். கையைப் பிடித்துப் பயிற்சியாளரிடம் அழைத்துப்போய், இவளை இன்று ஆடவிடாதீர்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொல்லிவிட்டு வந்தேன். அவளுக்கு என்மேல் மகா கோபம்.

தலைவி நாளைக்குள் பதில் கேட்கிறாள்.