க்வாய் பாலத்தில் ஒரு விசில்

பாங்காக் தோன்புரி ஸ்டேஷனில் ரயிலேறினால் சுமார் மூணு மணி நேரத்தில் காஞ்சனபுரி. இறங்கியதுமே என் உதடு தானாக விசிலடிக்க ஆரம்பித்துவிட்டது. பின்னே? 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் க்வாய்' பாலமாச்சே!

போய்ப் பார்த்தால்... படத்தில் மரப்பாலம், இங்கே இரும்புப்பாலம்! ஷூட்டிங் நடந்தது இலங்கை கிதுல்கலயிலாம். ஆற்றின் பெயர்கூட அப்போது வேறு. 1957-ல் படம் வந்து, ஜனம் க்வாயைத் தேடி வரவும், 1960-ல் ஆற்றுக்கே பெயர் மாற்றிவிட்டார்கள். கில்லாடிகள்!

கதை ஞாபகமிருக்கிறதா? ஜப்பானியரிடம் கைதியான பிரிட்டிஷ் கர்னல், எதிரிக்கே பாலம் கட்டுகிறார். கட்டக் கட்ட அதன் மேல் பாசம். கடைசியில் வெடி வைக்க வந்த தன் ஆளையே தடுக்கப் பாய்கிறார். 'யோவ், நீ எந்தக் கட்சிய்யா?' என்று சீட் நுனிக்கு வந்துவிடுவோம்.

எந்தக் கட்சியிலும் சேராத ஒரு கூட்டமும் இந்தப் பாதையில் செத்தது. மலேயா ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள். நேற்றுவரை வெள்ளைக்கார துரை. விடிந்தால் ஜப்பான் துரை. 1942-43-ல் 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில் பாதை போட அள்ளிக்கொண்டு வந்தார்கள். காலரா, பட்டினி, அடி... ஆயிரமாயிரமாய்ப் போனார்கள்.

ஸ்டேஷன் பக்கத்தில் சுமார் 7,000 போர்க் கைதிகளின் கல்லறைகள். பெயர் பொறித்து, புல் வெட்டி, பளிச்! வரிசை வரிசையாக நடந்தேன். ஒரு முனுசாமி? ஒரு மாரிமுத்து? ஊஹூம்.

இதே ஊரில் ஒரு புத்தர் கோயிலில் அவர்களுக்கு நடுகல் வைத்திருக்கிறார்கள். 2023-ல்தான்! கும்பிட்டுவிட்டு ரயிலேறினேன்.

திரும்புகையில் விசில் வரவில்லை.