நீனோ ஏரிக்கரைப் புற்றரை

மத்தியதரைக் கடல் என்றதும் வெயிலும் ஒலிவ மரமும் முந்திரிகைத் தோட்டமுமே நம் மனக்கண்முன் தோன்றுவன. கோர்சிக்காத் தீவின் கரையோரத்தில் இவை யாவும் உண்டு. ஆயினும், பிரான்சுக்குரிய அத்தீவைக் கடலினின்றும் எழுந்த ஒரு மலை என்றே கூறலாம். அதன் தலைச் சிகரமாகிய சிந்தோ 2,706 மீற்றர் உயரமுடையது. அம்மலைநாட்டின் நடுவே, 1,743 மீற்றர் உயரத்தில், நீனோ என்னும் ஏரி கிடக்கின்றது.

லரீசியோ என்னும் நெட்டைப் பைன் மரங்கள் செறிந்த காட்டினூடே ஏறிச் செல்லவேண்டும். காடு முடிந்தபின் பாறை. அதற்குமேல் ஸ்தத்சோனாக் கணவாய். கொல்லனுலை என்பது அப்பெயரின் பொருள். சாத்தான் அங்கே ஏர்பூட்டி உழுதானாம். கோணலாய் உழுகின்றாய் என்று புனித மார்ட்டின் நகைத்தாராம். கலப்பையும் உடையவே, சினமுற்ற சாத்தான் கொழுவை வீசியெறிய, அது தபுனாத்து மலையைத் துளைத்துச் சென்றதாம். கணவாயிலுள்ள பாறைகள் கல்லாய்ச் சமைந்த அவன் எருதுகளாம். கதையை நம்புவதும் விடுவதும் வாசகர் விருப்பம்; மலையிலுள்ள துளை மட்டும் மெய்.

கணவாயைக் கடந்ததும் ஏரியும், அதனைச் சூழ்ந்த பசும்புற்றரையும் தோன்றுகின்றன. காலை வைத்தால் நிலம் மெத்தைபோல் அமிழ்ந்தெழும். இடையிடையே வட்டமான ஆழ்ந்த நீர்க்குழிகள். கோர்சிக்கர் மொழியிற் கிணற்றுக்குப் பொத்சு என்று பெயர். அதுபற்றியே இத்தகைய புற்றரை பொத்சீன் எனப்படுகின்றது. பண்டைப் பனியாறு குடைந்த பள்ளத்தில் தேங்கிய நீர், வண்டலாலும் மட்கிய கோரையாலும் மெல்ல மெல்லத் தூர்ந்ததனால் உண்டான நிலம் இது.

தொலைவிலிருந்து நோக்குவார்க்கு இஃது ஒரே பச்சைக் கம்பளம். குனிந்து நோக்குவார்க்கோ பல நாடுகள் அடங்கிய தேசப்படம். நீர் நிற்குமிடத்திற் கோரை. ஈரம் கசியுமிடத்தில், கோர்சிக்காவுக்கே உரிய, பிசினிலையாற் பூச்சியைப் பற்றியுண்ணும் சிறுசெடி. சற்றே உலர்ந்த மேட்டில் கம்பிபோல் விறைத்த நார்துசுப் புல். அப்பாற் சரிவிலே முட்புதர்களும், சீரகத்தை ஒத்த மணம் வீசும் மலைத் தைம் செடியும். ஒரு சாண் உயரம் மாறினாற் குடிகளும் மாறிவிடுகின்றன.

இக்குடிகளை வகுத்துப் பெயரிடும் முறையை நிலைநாட்டியவர் சுவிற்சர்லாந்தவரான பிறவுன்-பிளாங்கே (1884–1980). ஒரே தன்மையான சிறு துண்டு நிலத்தை அளந்து, அங்குள்ள செடிகள் அனைத்தையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எண் இடுவர். முக்காற் பங்குக்குமேல் மூடியது 5. அரைப் பங்குக்கு மேற்பட்டது 4. இருபதில் ஒரு பங்குக்கும் குறைந்தது 1. பட்டியல்கள் பலவற்றை ஒப்புநோக்கி, எப்போதும் கூடி வாழ்வனவற்றை ஒரு குழுவாக்குவர். நார்துசு மிக்க குழு நார்தேத்தும் என இலத்தீன் விகுதி பெறும். கோர்சிக்க மலைகளின் தாவரக்குழுக்களை இவ்வாறு விரிவாய் ஆராய்ந்து 1976 முதல் 1978 வரை வெளியிட்டவர் ஜாக் கமிசான்ஸ்.

இயற்கையிற் கோடு உண்டோ என்று வினவுவாரும் உளர். அமெரிக்கரான கிளீசன் 1926இல், ஒவ்வொரு செடியும் தன்தன் போக்கிலேயே வாழ்கின்றது. குழு என்பது நம் கண் கட்டிய வீடு என்ற கருத்துப்பட வாதித்தார். அவர் கூற்றில் உண்மை மிகுதியும் உண்டு. ஆயினும் பெயரில்லாத நிலத்துக்குச் சட்டமும் இல்லை. ஐரோப்பாவில் 1992ஆம் ஆண்டின் வாழிடக் காப்பு ஆணை, காக்கவேண்டிய நிலங்கள் பலவற்றை இத்தகைய தாவரக்குழுக்களைக் கொண்டே இனங்காட்டுகின்றது. செடிவளம் மிக்க நார்துசுப் புற்றரைகள் அதில் முன்னுரிமை பெற்றவை.

எனக்கோ பழைய பட்டியல்களே பெரும்பயன் தருவனவாகத் தோன்றுகின்றன. கோரை நின்றதாக எழுதப்பட்ட இடத்தில் நார்துசு நின்றால், நீர் தாழ்ந்ததென்று ஐயுறலாம். அன்றி மந்தை மிகுந்ததாகவும் இருக்கலாம். விறைத்த அப்புல்லைக் கால்நடை விரும்புவதில்லை, ஆதலின் பிறபுல் மேயப்பட அது பெருகுகின்றது. மேய்ச்சல் அறவே நின்றாலோ, உலர்ந்த புற்றரைகளிற் புதர் ஏறும். எத்தனை மாடு தகும் என்பதற்கு அளவுகோல் அப்பட்டியலேயாம்.

நீர்க்குழியின் விளிம்பு மிதிபட்டுச் சரிந்தால் எளிதில் ஆறாது. அதனால் ஏரிக்கரையிற் கூடாரம் அடித்தல் தடுக்கப்பட்டுள்ளது. கோடையில் அங்கு மேயும் குதிரைகளுக்கு அத்தடை இல்லை.