தொழிலறிந்தார் அவையில்

பிறர் செய்த வேலையிற் குற்றங் காணும் முறை யாது என்று எவரேனும் எம்மை வினவியிருந்தால், சென்ற ஆண்டு வரையில் நாம் தயக்கமின்றி விடை பகர்ந்திருப்போம். இருபது ஆண்டுகளாகக் கல்லூரியில் தமிழ் கற்பித்து வருகின்றோம். நன்னூற் பாயிரத்திலே பவணந்தி முனிவர் வகுத்துரைத்த எழுவகை மதங்களையும், நாவலர் பெருமானின் காண்டிகையுரையைத் துணைக்கொண்டு, ஆண்டுதோறும் மாணாக்கருக்கு விளக்கி வருகின்றோம். பிறர் கொள்கைக்கு உடன்படுதல், அதனை மறுத்தல், முதலில் ஏற்றுப் பின்னர் களைதல், தாமே ஒன்றை நாட்டி நிலைநிறுத்துதல், இருவர் மாறுபட்டவிடத்து ஒன்றைத் துணிதல், பிறர் நூலிற் குற்றங் காட்டுதல், பிறரோடு ஒட்டாது தம் கொள்கையையே கொள்ளுதல் என்பன அவை. கரும்பலகையில் எழுதிக் காட்டுவதற்கு அழகானவையே. ஆனால் அவற்றை முறையறிந்து கையாளுவாரை நாம் நேரிற் கண்டது எமது வீட்டு விறாந்தையிலேதான். கையாண்டவர்கள் ஒரு முதிய மேசனாரும் ஓர் இளங் கொந்தராத்துக்காரரும் ஆவர். அந்த அவையிலே குற்றவாளியாய் அமர்ந்திருந்தவர் நாமே.

எமது வீடு பாட்டனார் காலத்திற் சுண்ணாம்புச் சாந்தினாற் கட்டப்பட்டது. பிள்ளைகள் இருந்து படிப்பதற்கென அதன் கிழக்குப் பக்கத்தில் சீமெந்துக் கல்லினால் ஓர் அறை சேர்ப்பித்தோம். அயற் கிராமத்து இளைஞர் ஒருவர் அவ்வேலையைக் கொந்தராத்தாக ஏற்றார். ஆவணியில் நல்ல நாள் பார்த்துப் பாற்பொங்கல் பொங்கினோம். ஐப்பசி மழை பெய்தது. பழைய சுவரும் புதிய சுவரும் பொருந்துமிடத்தில் மேலிருந்து கீழாக ஒரு வெடிப்புத் தோன்றியது. அதன் இருமருங்கும் ஈரம் ஊறியது.

உடனே நாம் செய்தது என்ன? அவ்விளைஞரை அழைத்துக் கேட்டோமா? இல்லை. கட்டட மேற்பார்வை செய்து இளைப்பாறிக் கொழும்பில் வாழும் உறவினர் ஒருவருக்குக் கைத்தொலைபேசியிற் படம் எடுத்து அனுப்பினோம். அவர் வீட்டையும் பார்த்தவரல்லர்; நிலத்தையும் பார்த்தவரல்லர். ஆயினும் கணப்பொழுதில், “அத்திவாரம் இறங்குகிறது, பொடியன் ஏமாற்றிப் போட்டான்” என்று தீர்ப்பளித்தார். நாமும் நம்பினோம். இளைஞருக்குக் கொடுக்க வேண்டியிருந்த இறுதித் தொகையை நிறுத்தினோம். அம்மட்டோ? கோயில் வீதியில் அயலவர் ஒருவரைக் கண்டபோது, படித்தவர்கள் வழக்கப்படி, கேட்டதைக் கண்டதுபோற் சொல்லியும் வைத்தோம். அந்த அயலவர் தமது மதில் வேலையை அதே இளைஞருக்குக் கொடுக்க இருந்தவர். மறுநாளே அப்பேச்சை நிறுத்திக்கொண்டார்.

பின்பு, வெடிப்பைத் திருத்துவதற்காக ஊரில் நற்பெயர் பெற்ற மேசனார் ஒருவரை அழைத்தோம். எழுபதை அணுகும் அகவையினர். அவர் சுவரை மேலுங் கீழும் நோக்கினார், கையாற் தடவினார், ஒன்றும் பேசவில்லை. “அத்திவாரம் பிழைதானே?” என்று நாமே தூண்டினோம். அதற்கு அவர் கூறிய விடை இன்றும் எம் செவியில் ஒலிக்கின்றது.

“மாஸ்டர், வேலை செய்த பொடியன் இல்லாத இடத்திலை அவன்ரை வேலையைப் பற்றி நான் கதைக்கிறது முறையில்லை. அவனையும் கூப்பிடுங்கோ.”

சரி, நீங்கள் செய்திருந்தால் எவ்வளவு கேட்டிருப்பீர்கள் என்று வேறொரு வாயிலால் நுழைய முயன்றோம். அவர் சிரித்தார். “அது உங்களுக்கும் அவனுக்கும் இடையிலை பேசின பேச்சு” என்றார். ஒரு வேலையின் விலை அன்றைய சீமெந்தின் விலையையும், ஆட்கூலியையும், வேலை நடந்த இடத்தின் தன்மையையும் பொறுத்தது. அவற்றை அறியாது தொகை கூறுதல் வேலை செய்தவனைக் கள்வன் எனக் கூறுவதற்கு ஒப்பாகும் என்பது அவர் கருத்து. கேள்விப்பத்திரம் கோரும் வேலைகளிற் போட்டியிடுவோர் முன்னரே கூடித் தமக்குள் தொகையைப் பேசிவைப்பதையும் அவர் அவ்வாறே வெறுத்தார். தொழில் நுட்பத்தை எல்லோருடனும் பகிரலாம். விலையைப் பற்றி வாய் காக்க வேண்டும் என்பது அவர் கடைப்பிடித்த விதி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் எமது விறாந்தையிற் கூடினர். இளைஞர் தலை குனிந்து வந்தார். அவருடன் மின்வேலை செய்தவரும், சாந்து குழைத்துக் கொடுத்த சிறுவனும் வந்தனர். இவ்வாறு மேசனுக்குத் துணை நிற்பவரை எமது பகுதியில் முட்டாள் என்றே அழைப்பர்; தொழிலாளர் அதில் இழிவு கருதுவதில்லை.

தேநீர் அருந்திய பின் முதியவர் குற்றச்சாட்டு எதனையும் கூறாமற் கேள்விகளையே கேட்டார். அத்திவாரம் எவ்வளவு ஆழம்? பழைய சுவரிற் பல் விட்டுக் கட்டியதா, விடாமற் கட்டியதா? பூச்சுக்கு எத்தனை நாள் தண்ணீர் விட்டது? இளைஞர் ஒன்றையும் மறையாது கூறினார். பழைய சுண்ணாம்புச் சுவரைக் கொத்தியபோது அது உதிர்ந்தமையாற் பல் விடாமலே கட்டியதாக ஒப்புக்கொண்டார். நாம் உள்ளூர மகிழ்ந்தோம். குற்றம் வெளிப்பட்டதென எண்ணினோம். முதியவரோ, “உதிருற சுவரிலை பல் விடாதது சரிதான் தம்பி. ஆனால் சேருற இடத்திலை ஓர் இடைவெளி விட்டு, அதை இளகின பூச்சாலை மூடியிருக்கலாம். சுண்ணாம்புச் சுவரும் சீமெந்துச் சுவரும் ஒரேமாதிரிக் காயாது” என்றார். முதலில் உடன்பாடு, பின்னரே திருத்தம். பவணந்தியார் கூறிய மதங்களில் இரண்டினை எழுத்தறிவு குறைந்த ஒருவர் எம் கண்முன் நடத்திக் காட்டினார்.

அதன் பின் அவர் இரண்டு மெல்லிய கண்ணாடித் துண்டுகளை எடுத்து, வெடிப்பின் குறுக்கே இருமுனையும் பதியுமாறு சீமெந்துப் பசையினால் ஒட்டி, அருகே திகதியை எழுதினார். சிறுவன், “ஏன் அப்பு கண்ணாடி? பென்சிலாலை கோடு கீறினால் காணாதோ?” என்றான். மின்வேலைக்காரர் நகைத்தார். முதியவர் நகைக்கவில்லை. “நல்ல கேள்வி. கோட்டை நாங்கள் அளந்து பார்க்கோணும். கண்ணாடி இழுபடாது, சுவர் கொஞ்சம் அசைஞ்சாலும் வெடிச்சுக் காட்டும்” என்றார். அறியாது கேட்டவனை அவையில் நாணச் செய்வோமாயின், அவன் அடுத்த முறை கேட்கமாட்டான். கேளாமற் செய்த பிழையோ சுவரில் நிற்கும். வகுப்பறையில் நாம் எத்தனை சிறுவர்களை இவ்வாறு வாயடைத்திருக்கின்றோமோ என்று அப்போது எண்ணினோம்.

முதியவர் பேசிக்கொண்டிருக்கையில் மின்வேலைக்காரர் எழுந்து உள்ளே சென்றார். விரைந்து மீண்டு இடைமறித்தார். “அண்ணை, குறை நினையாதையுங்கோ. இது பொறுக்கேலாது. மெயினை நிப்பாட்டிப்போட்டன்.” ஈரம் ஊறிய சுவரில் ஒரு மின்செருகி இருந்தது. மின்கசிவு 30 மில்லி அம்பியர் அளவில் ஏற்பட்டதும் மின்னைத் துண்டிக்க வேண்டிய டிரிப் சுவிச்சோ, அடிக்கடி விழுகின்றது என்பதற்காக எவராலோ முன்னொரு காலத்தில் விலக்கி இணைக்கப்பட்டிருந்தது. 230 வோல்ற்று மின்சாரத்துக்கும் எமது பிள்ளைகளுக்கும் இடையில் காவல் எதுவும் இருக்கவில்லை. பெரியவர் பேசும்போது இடையிற் பேசலாகாது என்பது மரியாதை. உயிருக்கு ஆபத்து நேருமிடத்து அம்மரியாதை ஒதுங்கி நிற்க வேண்டும். முதியவரும் அதனை ஏற்றுத் தலையசைத்தார். யார் இவ்வாறு செய்தது என்று மின்வேலைக்காரர் ஒருமுறையேனும் கேட்கவில்லை. இதனைத் திருத்தும் வழியைக் கூறினால் நாமே பார்த்துக்கொள்வோம் என்றோம். “மாஸ்டர், அரைகுறையாய்ச் சொல்லித்தந்தால் நீங்கள் செய்து பார்ப்பியள். இதை நான் வந்து செய்யிறன்” என்று மறுத்துவிட்டார். தொழிலறிந்தோர் தமக்குள் விரிவாகப் பேசுவதனை எம்போன்றாருக்குத் துண்டு துண்டாகக் கொடாமையும் ஓர் ஒழுக்கமே என்பதை அன்று உணர்ந்தோம்.

ஆறு வாரங்கள் கழிந்தன. மழையும் ஓய்ந்தபாடில்லை. கண்ணாடிகள் வெடிக்கவில்லை. இதற்கிடையில் இளைஞர் கூரைமேல் ஏறிப் பார்த்து, பழைய ஓட்டுக் கூரையும் புதிய கூரையும் சந்திக்குமிடத்துப் பீலியின் பொருத்து விலகியிருக்கக் கண்டார். அவ்வழியே நீர் சுவரில் இறங்கியது. அதனைத் தம் செலவிலேயே திருத்தினார், ஈரம் காய்ந்தது. திருத்தியதோடு நில்லாது முதியவரிடம் சென்று கண்டதை உரைத்தார். ஆலோசனை பெற்றவன் அதன் விளைவைத் திரும்பி வந்து கூறுவது ஆலோசனைக்குரிய கூலி என்பர் அத்தொழிலாளர். அப்போதன்றோ அவ்வறிவு அடுத்தவனுக்கும் பயன்படும்?

முதியவர் மீண்டும் எமது வீட்டுக்கு வந்தார். இளைஞரும் நாமும் நிற்கையில், “நானும் அண்டைக்கு அத்திவாரம் எண்டுதான் நினைச்சன். நினைப்புப் பிழைச்சுப் போச்சு” என்றார். நாம் திடுக்கிட்டோம். எமது உறவினர் எண்ணியதையே இவரும் எண்ணியிருந்தார். ஆனால் ஒருவர் எண்ணியதைத் தீர்ப்பாக்கினார். மற்றவர் அதனைச் சோதிக்கக் கண்ணாடி ஒட்டினார். நாமோ சோதியாத தீர்ப்பைக் கோயில் வீதி வரை சுமந்து சென்றோம்.

இளைஞரின் பணத்தை அன்றே கொடுத்தோம், மன்னிப்பும் கேட்டோம். அவர், “பரவாயில்லை மாஸ்டர்” என்று மட்டும் கூறினார். பின்னர் அயலவரிடம் சென்று எமது பிழையை விளக்கினோம். அவர் பொறுமையுடன் கேட்டார். ஆனால் அதற்குள் மதில் வேறொருவரால் முக்காற்பங்கு எழும்பிவிட்டது. நாளும் அவ்வழியாற்றான் கல்லூரிக்குச் செல்கின்றோம். அம்மதிலைக் காணுந்தோறும், ஓர் இளைஞனின் சில மாதச் சீவனத்தை ஒரு வாக்கியத்தால் அழித்தோமே என்ற எண்ணம் எழாமலில்லை.

மாணாக்கர்க்கும் பெற்றோர்க்கும் நாம் கூற விழைவது இதுவே. ஒரு தொழிலைப் பற்றிப் பலர் கூடிப் பேசுமிடத்து, செய்தவன் இல்லாதபோது அவன் செய்கையைத் தூற்றாதிருங்கள். காணாததைக் கண்டதாகக் கூறாதிருங்கள். கேட்பவர் முழு விவரத்தையும் கூறுக. சொல்பவர் அறிந்த அளவே சொல்லுக. ஆபத்தைக் கண்டால் மட்டும் ஒரு கணமும் தாமதியாது உரத்துச் சொல்லுக.

கண்ணாடித் துண்டுகளை அகற்றலாமா என்று முதியவரைக் கேட்டோம். “அடுத்த மாரியும் போகட்டும், மாஸ்டர்” என்றார். திகதியோடு அவை இன்றும் எமது சுவரில் இருக்கின்றன.