வாலைத் துரத்தும் நாய்க்கு மாத்திரை

ஜெர்மன் ஷெப்பர்டு ஓயாமல் தன் வாலைத் துரத்துகிறது என்று வருபவர்கள் கைபேசியில் வீடியோவும் கொண்டுவருவார்கள். அதில் பின்னால் கேட்கும் சத்தத்துக்கும் காது கொடுப்பேன். பழைய வீடியோவில் சிரிப்பு, புதியதில் அதட்டல். இரண்டுமே நாயைச் சுற்ற வைத்திருக்கும்.

உடனே மாத்திரை எழுதிவிட முடியாது. குதச் சுரப்பி, தோல் அரிப்பு, முதுகெலும்பு வலி, வலிப்பு எல்லாவற்றையும் பார்த்துத் தள்ளிய பிறகுதான் மனசுக்கு வர வேண்டும். குழந்தைகளின் கட்டாயச் செயல் நோயை ஆராய்ந்த அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ராபபோர்ட், முன்னங்காலைப் புண்ணாகும்வரை நக்கும் நாய்களுக்குக் குளோமிப்ரமின், ஃப்ளுவாக்ஸெடின் கொடுத்துப் பார்த்து 1992இல் முடிவுகளை வெளியிட்டார். நக்குவது குறைந்தது. இன்று நாங்கள் கொடுப்பதும் இவற்றைத்தான்.

ஃப்ளுவாக்ஸெடின் கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம், தினம் ஒரு வேளை. 30 கிலோ நாய்க்குக் குறைந்தது 30 மில்லிகிராம். மனிதர்களுக்கே 20இல்தான் தொடங்குவார்கள். மெடிக்கல் ஷாப்காரர் சந்தேகப்பட்டு போன் செய்தால் எனக்குச் சந்தோஷம்தான். உண்ணிக்கு அமிட்ராஸ் மருந்து போடுகிறீர்களா என்று கட்டாயம் கேட்பேன். வலிக்கு டிராமடால் கொடுக்கிறார்களா என்றும். இந்த மாத்திரையோடு இரண்டும் ஆகாது.

கஷ்டம் அதற்குப் பிறகுதான். பலன் தெரிய நான்கு முதல் எட்டு வாரம் ஆகும். சோறு இறங்காததும் சோர்வும் முதல் வாரத்திலேயே வந்துவிடும். "நாய் டல்லாயிடுச்சு டாக்டர், நிறுத்திட்டோம்" என்ற போன் இந்த இடைவெளியில்தான் வரும். அதனால் ஒரு நோட்டுப் போடச் சொல்கிறேன்: எப்போது சுற்றியது, எவ்வளவு நேரம், பேர் சொல்லிக் கூப்பிட்டால் நின்றதா. எண்ணிக்கை குறைவதற்கு முன்பே அந்தக் கடைசிக் கேள்விக்கான பதில் மாறும். காது கேளாததுபோல் சுற்றிக்கொண்டிருந்த நாய் ஒரு நாள் கூப்பிட்டதும் திரும்பிப் பார்க்கும். அன்றிலிருந்துதான் பழக்கலாம்: அதட்டாமல் வேறு வேலைக்குத் திருப்புவது, சங்கிலியை அவிழ்ப்பது, காலை நடையில் மோப்பம் பிடிக்க விடுவது. சங்கிலியில் கட்டியே வைத்துவிட்டு மாத்திரை மட்டும் கொடுப்பவர்களிடம், பணம்தான் வீண் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன்.

சில மாதம் அமைதியாக இருந்தால், வாரக்கணக்கில் மெல்லக் குறைப்பேன். குறைக்கும்போது வால் முனையில் மறுபடி ரோமம் உதிர்ந்தால் பழைய அளவுக்கே போய்விடுவோம். சில நாய்கள் ஆயுசு முழுக்கச் சாப்பிடுகின்றன.