"டாக்டரே சொல்லிட்டாரு" என்று எழுதுவதற்கு முன்

1/ "டாக்டரே சொல்லிட்டாரு." வீட்டு வாக்குவாதத்துலயும் வாட்ஸப்லயும் இந்த ஒரு வரி வந்துட்டா பேச்சு முடிஞ்சது. பிள்ளைங்க எழுதற கட்டுரையிலயும் இதே கதைதான். நிபுணரைப் பேட்டி கண்டு, அதை ஆதாரமா வெச்சு ஒரு வாதத்தை எழுதறது எப்படின்னு இந்த த்ரெட்ல சொல்றேன். கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

2/ என் அக்கா பொண்ணு பதினொண்ணாவது படிக்கிறா. பள்ளியில ஒரு வேலை கொடுத்தாங்க. ஏதாவது ஒரு பக்கம் நின்னு வாதாடி கட்டுரை எழுதணும். அந்தத் துறை தெரிஞ்ச ஒருத்தரைப் பேட்டி கண்டு, பதிவு பண்ணி, ஆதாரமா காட்டணும். எங்க ஊர் திருவண்ணாமலை. தலைப்புக்கு அலைய வேண்டியதில்லை. "சர்க்கரை நோயாளிகள் கிரிவலம் போகக் கூடாது"ன்னு வெச்சுட்டா. பேட்டிக்குத்தான் மாமா நான் இருக்கேனே.

3/ வெளியூர்க்காரங்களுக்காக: கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். வழியில இந்திர லிங்கம் தொடங்கி ஈசான்ய லிங்கம் வரை எட்டு லிங்கங்கள். பௌர்ணமிக்கு லட்சக்கணக்குல ஜனம் வரும். பெரும்பாலானவங்க வெறுங்கால்லதான் நடப்பாங்க. ஐ.சி.எம்.ஆர். துணையோட நடந்து 2023-ல வெளியான பெரிய ஆய்வு, இந்தியாவுல பெரியவங்கள்ல 11.4 சதவீதம் பேருக்கு சர்க்கரை நோய்னு சொல்லுது. அந்தக் கணக்கைப் பொருத்திப் பார்த்தா, கூட்டத்துல பத்து பேருக்கு ஒருத்தர்.

4/ சர்க்கரை பல வருஷம் கட்டுப்பாட்டுல இல்லைன்னா கால் நரம்பு பாதிக்கும். உணர்ச்சி குறையும். செருப்பு கழண்டு விழுந்ததே தெரியாம ஆஸ்பத்திரி வரைக்கும் நடந்து வந்தவங்களைப் பார்த்திருக்கேன். அந்தக் காலோட சித்திரை வெயில்ல தார் ரோட்டுல நடந்தா, கொப்புளம் வந்ததும் தெரியாது, அது உடைஞ்சு புண்ணானதும் தெரியாது.

5/ இதையெல்லாம் 25 நிமிஷம் அவ போன்ல பேசினேன். ரெண்டு நாள் கழிச்சு கட்டுரையை அனுப்பினா. அதுல மேற்கோள் குறிக்குள்ள நான் சொன்னதா இருந்தது: "சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலுடன் நடக்கவே கூடாது."

பதிவைப் போட்டுக் கேட்டோம். நான் சொன்னது: "கால்ல உணர்ச்சி குறைஞ்ச சர்க்கரைக்காரங்க வெறுங்கால்ல நடக்கக் கூடாது."

6/ "மூணு வார்த்தைதானே மாமா, விட்டா படிக்க நல்லா இருக்கு"ன்னா. படிக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த மூணு வார்த்தை போனதும், சிலருக்குச் சொன்னது எல்லாருக்கும் சொன்னதா ஆயிடுச்சு. இதுல என்ன நஷ்டம்னு அவளுக்கு ஒரு விஷயம் சொன்னேன்.

7/ அறுபது தாண்டின ஒரு அம்மா. பூ கட்டி விக்கறவங்க. எத்தனையோ வருஷமா பௌர்ணமி தவறாம நடக்கறவங்க. யாரோ ஒரு டாக்டர், காலைக்கூட பார்க்காம, "சுகர் இருக்கு, இனிமே கிரிவலமே கூடாது"ன்னு சொல்லிட்டார். அந்தம்மா நடக்கறதை நிறுத்தல. டாக்டர்கிட்ட சொல்றதைத்தான் நிறுத்தினாங்க. உள்ளங்கால் புண்ணை மூணு வாரம் துணி சுத்தி மறைச்சிருக்காங்க. வாடை வந்து மருமக இழுத்துட்டு வந்தப்ப, ஒரு விரலை எடுக்க வேண்டியதா போச்சு. "சொன்னா திட்டுவீங்கன்னுதான் சார் சொல்லல"ன்னாங்க.

8/ அவ கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "சரி மாமா, முதல்ல இருந்து வரலாம்"ன்னா. அன்னைக்கு நாங்க ரெண்டு பேரும் செஞ்சதை இங்க வரிசையா சொல்றேன்.

9/ முதல்ல, பேட்டி முழுசையும் எழுத்துல இறக்கணும். வேணுங்கற வரியை மட்டும் பொறுக்கக் கூடாது. "பெரும்பாலும்", "என் அனுபவத்துல", "நரம்பு பாதிச்சிருந்தா" மாதிரி வர்ற இடத்துக்கெல்லாம் அடிக்கோடு போடச் சொன்னேன். பேட்டியில இதெல்லாம் இழுவையா தெரியும். ஆனா டாக்டர் தன் பேச்சு எதுவரைக்கும் செல்லும்னு காட்டற எல்லைக்கல் அதுதான்.

10/ ரெண்டாவது, நிபுணர் எதுல நிபுணர்னு பார்க்கணும். "கோயில் நிர்வாகம் என்ன செய்யணும்?"னு கேட்டிருந்தா. நானும் நாலு நிமிஷம் பேசியிருக்கேன். அந்த நாலு நிமிஷத்துல நான் டாக்டர் இல்ல, இந்த ஊர்க்காரன், அவ்வளவுதான்.

11/ இதுக்கு எங்க ஊர்லயே உதாரணம் இருக்கு. 2024 டிசம்பர் 1, ஃபெஞ்சல் புயல் மழையில வ.உ.சி. நகர்ல மலையிலிருந்து மண் சரிஞ்சு 7 பேர் இறந்தாங்க. கார்த்திகை தீபத்துக்கு ரெண்டு வாரம்கூட இல்ல. வல்லுநர்கள் மலையை ஆய்வு செஞ்சாங்க. அந்த வருஷம் தீபத்தன்னைக்கு பக்தர்கள் மலை ஏற அனுமதி இல்லைன்னு அரசு முடிவெடுத்தது. மண் எப்படி இருக்குன்னு வல்லுநர் சொல்லலாம். யார் ஏறலாம்ங்கறது ஒரு முடிவு. அதுல பாதுகாப்பு, நம்பிக்கை, கூட்டம் எல்லாத்தையும் எடைபோடணும். கட்டுரையில அந்த எடைபோடற வேலை உன்னுது. அதை நிபுணர் தலையில கட்டாதே.

12/ மூணாவது, "உங்களுக்கு எப்படித் தெரியும்?"னு கேக்கணும். இது மரியாதைக் குறைவான கேள்வி இல்ல. மருத்துவத்துல ஆதாரங்களை அடுக்கிப் பார்க்கற பிரமிடுல, தனி ஒரு நிபுணரோட கருத்துக்கு இடம் அடிமட்டத்துலதான். பேட்டியோட பெரிய பயன், அடுத்து எங்க தேடணும்னு அது காட்டறதுதான். நான் அவளுக்கு சர்க்கரை நோய்க் கால் பாதிப்புக்கான சர்வதேசக் குழுவோட வழிகாட்டுதலைக் காட்டினேன். பாதிப்பு அபாயம் இருக்கறவங்க வீட்டுக்குள்ளயும் வெளியிலயும் வெறுங்கால்ல நடக்கக் கூடாதுன்னு அதுல இருக்கு. "அபாயம் இருக்கறவங்க"! அவ வெட்டின அதே அடைமொழி.

13/ பக்கத்து வேலூர் கதையும் சொன்னேன். 1946-ல சி.எம்.சி.க்கு வந்த டாக்டர் பால் பிராண்ட் கொல்லிமலையில பிறந்தவர். தொழுநோய் வந்தா சதை தானா அழுகிப்போகும்னு பலரும் நம்பின காலம் அது. ஒவ்வொரு புண்ணும் எப்ப, எப்படி வந்ததுன்னு அவர் துருவிப் பார்த்தார். வலி தெரியாததால, அடியும் சூடும் அழுத்தமும் கவனிக்கப்படாம போய்த்தான் புண்ணாகுதுன்னு காட்டினார். பின்னாடி அமெரிக்காவுல சர்க்கரை நோயாளிகள் காலுக்கும் இதே பார்வை பயன்பட்டது. அதுக்கு முன்னாடி ஒரு நிபுணரைப் பேட்டி எடுத்திருந்தா, "சதை அழுகும்"னுதான் பதிவாயிருக்கும். எப்படித் தெரியும்னு கேட்டாத்தான் அந்த ஓட்டை தெரியும்.

14/ நாலாவது, எதிர்த்தரப்பு கேள்வியை நீயே கேக்கணும். அவ கேட்டிருந்தா: "நடக்கறது சர்க்கரைக்கு நல்லதுதானே?" "ரொம்ப நல்லது"ன்னு சொல்லியிருந்தேன். தன் பக்கத்துக்கு இடிக்குதேன்னு அந்தப் பதிலைக் கட்டுரையில சேர்க்கல. பிறர் கருத்தை எடுத்துச் சொல்லி, அப்புறம் அதைக் களையறதை நன்னூலே ஒரு முறையா வகுத்து வெச்சிருக்கு. மறைச்சா, படிக்கறவரே அந்தக் கேள்வியைக் கேப்பார். அப்ப பதில் சொல்ல நீ பக்கத்துல இருக்க மாட்டே.

15/ ரெண்டாவது வரைவுல தலைப்பே மாறிடுச்சு: "கால் பரிசோதனை செய்யாத சர்க்கரை நோயாளி வெறுங்காலுடன் கிரிவலம் போகக் கூடாது." முதல் தலைப்பை விட வாதம் சின்னது. ஆனா அசைக்கறது கஷ்டம். நடை நல்லதுன்னு ஒத்துக்கிட்டா. பௌர்ணமி மருத்துவ முகாம்ல உணர்ச்சி பார்க்கற நைலான் இழையை வெச்சுக்கலாம், சில நிமிஷ வேலைன்னு ஒரு யோசனையும் எழுதினா. கீழே, "பரிசோதனை முறை மருத்துவர் கூறியது. முகாமில் வைக்கலாம் என்பது என் கருத்து"ன்னு பிரிச்சுக் காட்டியிருந்தா. எனக்கு ரொம்பப் பிடிச்ச வரி அதுதான்.

16/ பேட்டி எடுக்கப் போறவங்களுக்குச் சுருக்கமா:
• பதிவு பண்ண அனுமதி கேளுங்க. அந்த அனுமதியும் பதிவுல இருக்கட்டும். தேதி, இடம் சொல்லுங்க.
• "இது தப்புதானே?"ன்னு பதிலைக் கேள்வியிலயே வெக்காதீங்க. "யாருக்குத் தப்பு? எப்பத் தப்பு?"ன்னு கேளுங்க.
• "இதுல உங்களோட ஒத்துப்போகாதவங்க என்ன சொல்வாங்க?"ன்னு கேளுங்க.
• பேச்சுத் தமிழை எழுத்துத் தமிழா மாத்தலாம். ஆனா நிபந்தனைச் சொல் ஒண்ணுகூட விழக் கூடாது.
• மேற்கோள்களை மட்டும் அவர்கிட்ட ஒருமுறை காட்டிடுங்க.

17/ சர்க்கரை இருக்கறவங்க கட்டுரை எழுத வேண்டாம். இன்னைக்கு ராத்திரி உள்ளங்காலைப் பாருங்க. குனிய முடியலன்னா கண்ணாடி வெச்சோ, வீட்ல இருக்கறவங்களை வெச்சோ பாருங்க. அடுத்த தடவை டாக்டர்கிட்ட, "என் கால்ல உணர்ச்சி சரியா இருக்கா, பார்த்துச் சொல்லுங்க"ன்னு கேளுங்க. கிரிவலம் போறதா இருந்தா மறைக்காம சொல்லுங்க. மாத்திரை, இன்சுலின், சாப்பாடு, காலணி எல்லாத்தையும் அதுக்கேத்த மாதிரி பேசி முடிவு பண்ணலாம். அவர் எடுத்த எடுப்புல "கூடாது"ன்னா, ஏன்னு கேளுங்க. கேக்கற உரிமை உங்களுக்கு இருக்கு.