இரு கிரகணங்களும் ஒரு பழைய கணக்கும்

சீனத்துப் பழங்கணிதத்தின் வரலாற்றை அண்மைக் காலமாக வாசித்து வருகின்றேன். கணிதத்தில் எனக்கு முறையான புலமை கிடையாது. செய்தி ஆசிரிய பீடத்தில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்தவனுக்கு எல்லாத் துறைகளிலும் ஏற்படும் மேலோட்டமான ஆர்வமே எனது மூலதனம். ஆயினும் சீனத்தை வாசிக்க வாசிக்க, மனம் வட்டுக்கோட்டையையும் கொக்குவிலையுமே சுற்றி வந்தது. அதன் காரணத்தை எழுதி வைக்கலாம் என்று தோன்றிற்று.

சீனக் கணிதத்தின் தலையாய நூல் 'ஒன்பது அத்தியாயங்கள்' எனப்படுவது. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் இன்றைய வடிவத்தைப் பெற்ற அந்நூலில் 246 கணக்குகள் உள்ளன. வயலை அளப்பது, தானியத்தைப் பண்டமாற்றுச் செய்வது, வரியைப் பகிர்வது, அணைக்கட்டுக்கு எத்தனை ஆட்கள் வேண்டும் எனக் காண்பது என எல்லாம் அரசாங்கத்துக்கும் குடியானவனுக்கும் அன்றாடம் வேண்டியவை. நமது கணக்கதிகாரத்தைப் புரட்டியவர்களுக்கு இந்த உலகம் புதிதன்று. அங்கும் நிலம், நெல், பொன், கூலி என்பனவே பேசுபொருள். முந்திரி என்னும் 320இல் ஒரு பங்கு வரை இறங்கிப் பின்னம் பார்த்த சமூகம் நம்முடையது.

எண்களை எழுதுவதிலும் ஓர் ஒற்றுமை உண்டு. 248 என்பதைப் பழந்தமிழில் ௨௱௪௰௮ என எழுதினோம். இரண்டு, நூறு, நான்கு, பத்து, எட்டு என்பது அதன் வரிசை. சீனரும் இன்றுவரை அதே வரிசையிலேயே எழுத்தால் எழுதுகின்றனர். ஒருவரிடமிருந்து மற்றவர் கற்றார் என்று நான் வாதிட வரவில்லை. வாயாற் சொல்வதை அப்படியே எழுத்தில் வைத்தால் இருவருக்கும் அதுதான் வரும்.

248 என்ற எண்ணைக் காரணத்தோடுதான் எடுத்தேன். சந்திரன் பூமிக்கு மிக அண்மையில் வரும் நிலை ஒன்பது முறை நிகழ ஏறத்தாழ 248 நாட்கள் செல்லும். அந்த ஒவ்வொரு நாளுக்கும் சந்திரன் நிற்கும் இடத்தை ஒவ்வொரு சொற்றொடராக்கி, எழுத்துக்களுக்கு எண் மதிப்புக் கொடுத்து, மனப்பாடம் செய்துகொண்டார்கள் நம் முன்னோர். அச்சொற்றொடர்களே 'வாக்கியம்'. வாக்கிய பஞ்சாங்கம் என்று நாம் நாள்தோறும் உச்சரிக்கும் பெயரின் பொருள் அதுவே.

இந்த முறை எவ்வளவு நுட்பமானது என்பதற்கு ஓர் ஆவணம் உண்டு. ஜோன் வாரன் என்ற அதிகாரி 1825இல் வெளியிட்ட 'கால சங்கலித' நூலில், புதுச்சேரியைச் சேர்ந்த தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைப் பற்றி எழுதியிருக்கின்றார். அக்கணிதர் நிலத்திலே சோழிகளை வைத்தும் நகர்த்தியும், மனனம் செய்த வாய்பாடுகளைக் கொண்டும், 1825 மே 31இல் தொடங்கவிருந்த சந்திர கிரகணத்தைக் கணித்தார். எழுதுகோலைத் தொடவில்லை. தொடக்கத்தில் ஏற்பட்ட பிழை 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52. ஆனால் அந்தக் கணக்கு ஏன் பலிக்கின்றது என்று கேட்டபோது அவருக்கு விடை தெரிந்திருக்கவில்லை என வாரன் குறிப்பிடுகின்றார்.

சீனரும் சிறு கழிகளைப் பலகையில் அடுக்கியே கணித்தனர். அவர்களுடைய 'ஒன்பது அத்தியாயங்க'ளும் செய்முறையைச் சொல்லுமேயன்றிக் காரணத்தைச் சொல்லாது. ஆனால் அவர்களுக்கு லியூ ஹுய் என்றொரு உரையாசிரியர் வாய்த்தார். 263ஆம் ஆண்டில் அவர் எழுதிய உரை, ஒவ்வொரு செய்முறையும் ஏன் சரியாகின்றது என விளக்கிற்று. கேரளத்திலும் 16ஆம் நூற்றாண்டில் ஜ்யேஷ்டதேவர், கணிதத்தின் நியாயங்களை 'யுக்திபாஷா' என்ற பெயரில் தாய்மொழியிலேயே எழுதி வைத்தார். தொல்காப்பியத்துக்கு இத்தனை உரைகள் கண்ட தமிழ், வாக்கியக் கணிதத்துக்கு அப்படியோர் உரையைப் பரவலாக்கவில்லை.

இனி அந்த இரு கிரகணங்களுக்கு வருகின்றேன்.

முதலாவது, 1629 ஜூன் 21இல் பெய்ஜிங்கில் நிகழ்ந்த சூரிய கிரகணம். அரச வானியல் அலுவலகம் தனது பழைய முறைப்படி ஒரு நேரத்தைச் சொன்னது. யேசு சபைத் துறவிகளிடம் ஐரோப்பியக் கணிதம் கற்ற ஸூ குவாங்சி என்ற பேரறிஞர் வேறொரு நேரத்தைச் சொன்னார். ஸூவின் கணிப்பே பொருந்திற்று. நாட்காட்டியைத் திருத்தும் பொறுப்பைப் பேரரசர் அவரிடமே ஒப்படைத்தார்.

இரண்டாவது, ஏறத்தாழ 200 ஆண்டுகள் கழித்து 1829 மார்ச் 20இல் யாழ்ப்பாணத்து வானில் நிகழ்ந்த சந்திர கிரகணம். வட்டுக்கோட்டையில் விசுவநாத சாஸ்திரியார் என்ற புகழ்பெற்ற பஞ்சாங்க கணிதர் வாழ்ந்தார். அதே ஊரில் 1823இல் அமெரிக்க மிஷன் தொடங்கிய செமினரியின் தலைவராக டானியல் பூவர் இருந்தார். சாஸ்திரியாரின் கணிப்புக்கும் செமினரியின் கணிப்புக்கும் கிரகணம் பற்றும் நேரம், நீடிக்கும் காலம், மறைப்பின் அளவு ஆகிய மூன்றிலும் வேறுபாடு இருந்தது. பூவர் அதைப் பகிரங்கமான பரீட்சையாக்கினார். கிரகணம் செமினரியின் கணக்கையே ஒட்டி நிகழ்ந்தது. அது மதப்பிரசாரத்துக்கு எவ்வளவு உதவியிருக்கும் என்பதை வாசகர்கள் ஊகிக்கலாம்.

இவ்விரு தோல்விகளையும் அறிவியலிடம் மூடநம்பிக்கை அடைந்த தோல்வி என்று எழுதுவது எளிது. உண்மை அதுவன்று. 1629இல் சீன அலுவலகம் கையாண்ட முறை, 1281இல் குவோ ஷௌஜிங் என்ற மேதை வகுத்ததன் வழிவந்தது. அந்தக் காலத்தில் அது உலகின் மிகச் சிறந்த கணிப்புகளில் ஒன்று. அதன் மாறிலிகளை மூன்றரை நூற்றாண்டுகளாக எவரும் வானத்தோடு ஒப்பிட்டுத் திருத்தவில்லை என்பதே குறை. நமது வாக்கியத்துக்கு நேர்ந்ததும் அதுவே. கேரளத்துப் பரமேசுவரர் பல ஆண்டுகள் கிரகணங்களைக் கண்ணால் அவதானித்து, 1431இல் 'திருக்கணிதம்' என்னும் திருத்தத்தை வகுத்தவர். கணக்கைக் கண்ணால் சரிபார் என்பதே அதன் சாரம். மருந்து அண்டை வீட்டிலே இருந்தது.

அந்த வழக்கு இன்னமும் முடியவில்லை என்பது பத்திரிகையாளர்களுக்கு நன்கு தெரியும். சித்திரைப் புத்தாண்டு நெருங்கினால் வாக்கிய பஞ்சாங்கப்படி ஒரு நேரம், திருக்கணித பஞ்சாங்கப்படி இன்னொரு நேரம் என இரண்டையும் அச்சிடுவோம். "எந்த நேரத்துக்கு மருத்துநீர் வைக்கிறது?" என்று தொலைபேசியில் கேட்கும் அம்மாமாருக்கு, "உங்கள் வீட்டில் வழமையாக எதைப் பார்ப்பீர்களோ அதன்படி செய்யுங்கள், அம்மா" என்பதே எங்கள் நிரந்தர விடை. கொக்குவில் இரகுநாதையரின் வாக்கிய பஞ்சாங்கம் ஆணியில் தொங்கும் வீடுகள் இன்று ரொறன்ரோவிலும் இலண்டனிலும் உண்டு. இரண்டு நேரங்கள் ஏன் வருகின்றன என்று ஒருவரும் கேட்டதில்லை. அந்த ஒரு கேள்விக்குள் பரமேசுவரரும் சாஸ்திரியாரும் பூவரும் அடங்கியிருக்கின்றார்கள்.

தோல்விக்குப் பின் நடந்தவையே முக்கியமானவை. சீனத்தில், மேற்கின் கணிதம் யாவும் ஆதியில் நம்மிடமிருந்தே சென்றது என்ற பெருமிதம் எழுந்தது. நமக்கும் பழக்கமான பெருமிதம்தான் அது. ஆனால் அவர்கள் பெருமை பேசியதோடு நிற்கவில்லை. 1770களில் தாய் ஜென் என்ற அறிஞர், 15ஆம் நூற்றாண்டின் அரச கலைக்களஞ்சியத்தில் சிதறிக் கிடந்த 'ஒன்பது அத்தியாயங்க'ளை எடுத்துத் தொகுத்தார். புதிய கணிதத்தையும் அவர்கள் விடவில்லை. யூக்ளிட்டின் முதல் ஆறு நூல்கள் 1607இலேயே சீனத்தில் வந்துவிட்டன. 1859இல் லீ ஷன்லான், அலெக்சாண்டர் வைலியுடன் சேர்ந்து நுண்கணிதத்தையும் சீனமாக்கினார்.

யாழ்ப்பாணத்திலும் நல்ல தொடக்கம் இருந்தது. செமினரியின் ஹொய்சிங்டன், இந்து வானியலைக் கண்டிக்கும் நோக்கோடு அதை முதலில் முழுமையாகக் கற்று, 1848இல் தமிழும் ஆங்கிலமுமாக அச்சேற்றினார். மறுக்க வந்தவரே காத்துத் தந்தார். செமினரி மாணவரான விசுவநாதபிள்ளை தமிழில் வீசகணிதம் எழுதினார். அவரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாயினர். ஆனால் 1855இல் செமினரி மூடப்பட்டுவிட்டது. தாமோதரம்பிள்ளை செல்லரித்த ஏடுகளைத் தேடி அலைந்து கலித்தொகையையும் தொல்காப்பிய உரைகளையும் மீட்டார். இலக்கியத்துக்கு அவர் செய்ததைக் கணக்கு ஏடுகளுக்குச் செய்ய ஒருவர் புறப்படவில்லை.

பின்னர் வந்தது 1981. மே 31 இரவு தொடங்கி யாழ். பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்களோடு ஏட்டுச்சுவடிகளும் சாம்பலாயின. அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் சீனத்தின் ஹூபெய் மாகாணத்தில், கி.மு. 186இல் மூடப்பட்ட கல்லறை ஒன்றைத் திறந்தார்கள். உள்ளே ஏறத்தாழ 190 மூங்கிற் கீற்றுகளில் 'ஒன்பது அத்தியாயங்க'ளுக்கும் முந்திய கணித நூல் ஒன்று கிடைத்தது. ஒரு குமாஸ்தாவின் கணக்குப் புத்தகத்தை இரண்டாயிரத்து நூற்றுச் சொச்சம் ஆண்டுகள் மண் காத்துக் கொடுத்தது. நூலகம் மீளக் கட்டப்பட்டிருக்கின்றது. அந்த ஏடுகள் மீளவில்லை.

எல்லாம் எரிந்துவிட்டது என்று சொல்லி அமர்வதும் ஒருவகைச் சோம்பலே. பஞ்சாங்கம் கணித்த குருக்கள்மார் வீடுகளிலும், விதானைமார், பரியாரிமார் வீடுகளிலும் ஏடுகள் இன்னும் இருக்கக்கூடும். வீட்டை இடித்துக் கட்டும்போது பரணிலிருந்து இறக்கும் கட்டுகளில், எண்களாக இருப்பவற்றை 'பழைய சாதகக் குறிப்பு' என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2005 முதல் இயங்கும் நூலகம் நிறுவனம் இத்தகையவற்றை எண்ணிமப்படுத்தி வருகின்றது. வெளிநாட்டிலிருந்து கோடை விடுமுறைக்கு ஊர் போகும் நண்பர்கள், பெரியவர்களிடம் ஒருமுறை விசாரித்துப் பார்க்க வேண்டும். ௱ என்றும் ௰ என்றும் எழுதியிருப்பதை வாசிக்கத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே அதைச் செய்வது நல்லது.